கைமாற்று

எலாஸ்டிகா என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் பாட்டு நினைவுக்கு வராது. ஃபேன்ஸி ஸ்டோரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் எலாஸ்டிக்தான் வரும். லண்டனில் 1992இல் தொடங்கி 2001இல் கலைந்துபோன ஒரு கிதார் பாப் குழுவின் பெயர் அது. ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் பாடினார், கிதாரும் வாசித்தார். டோனா மேத்யூஸ் இன்னொரு கிதார். ஆனி ஹாலண்ட் பேஸ் கிதார். முன்வரிசையில் நின்ற மூவரும் பெண்கள். ஜஸ்டின் வெல்ச் என்ற ஓர் ஆண் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தார். ஆக, குழுவில் இரண்டு ஜஸ்டின்கள். இனி இந்தக் கட்டுரையில் ஜஸ்டின் என்றால் அந்தப் பெண்தான்.

இவர்கள் போட்டது இரண்டே ஆல்பம். முதலாவது, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1995 மார்ச்சில் வந்தது. வந்த வேகத்தில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டாவது ஆல்பமான ‘த மெனஸ்’ 2000 ஏப்ரலில் வந்தது. முதல் இருபது இடங்களுக்குள்கூட வரவில்லை. அடுத்த ஆண்டே குழு முடிந்துபோனது. ஆகவே ராக் இசை பற்றி எழுதுகிறவர்கள் (பெரும்பாலும் ஆண்கள்) இந்தக் கதையைச் சொல்லும் விதம் எல்லோருக்கும் பழக்கமானது: பிரமாதமாக ஆரம்பித்தார்கள், போதைக்கும் சோம்பலுக்கும் இரையானார்கள், ஐந்து வருடம் இழுத்தடித்து ஓர் அரைவேக்காட்டைக் கொடுத்துவிட்டுக் காணாமல்போனார்கள். எனக்கு அந்த அரைவேக்காடுதான் பிடித்திருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டு வெகுநாளாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில் எழுதியது இது.

நான் இந்த ஆல்பத்திற்கு வந்து சேர்ந்த வழி ஒரு தமிழ்ப் பெயர். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய ‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ என்ற 2018ஆம் ஆண்டின் ஆவணப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தது யாழ்ப்பாணத்துக்காக, ஈழத்திலிருந்து அகதியாகப் போன ஒரு பெண் உலகப் புகழ்பெற்ற பாடகியான கதைக்காக. படத்தின் நடுவில் வேறொரு உலகம் வருகிறது. சுற்றுப்பயணத்தில் இருக்கும் ஓர் இசைக்குழு, அவர்களுடன் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேமராவில் பிடிக்கும் இளம் மாயா. யார் இந்தப் பெண்கள், இவர்கள் கூட இவள் எப்படி என்று தேடப்போனால், அதுதான் எலாஸ்டிகா. ‘த மெனஸ்’ ஆல்பத்தின் அட்டையை உருவாக்கியவர் மாயா அருள்பிரகாசம். முதல் பாட்டுக்கான வீடியோவும் அவர் எடுத்ததுதான். அப்போது அவர் எம்.ஐ.ஏ. இல்லை, பாடகியே இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்த பெண், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு மாயாவின் கதை தெரியும். 1975இல் லண்டனில் பிறப்பு. ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்கு. தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் இருந்ததைவிட இல்லாமல் இருந்ததே அதிகம். தாய் கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச காலம் நம் மதராஸிலும் வந்து இருந்தார், ஊரைவிட்டு ஒதுங்கிக் கிடந்த ஒரு பாழடைந்த வீட்டில். மறுபடி யாழ்ப்பாணம். 1986இல் அகதிகளாக லண்டன். அங்கே தையல் வேலை செய்துதான் கலா பிள்ளைகளை வளர்த்தார். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், இரண்டாவதற்கு அம்மா பெயர் என்று மாயா வைத்தபோது, அப்பாவின் பெயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அம்மாவின் பெயரை ஒரு வரியில் தாண்டிப் போனார்கள். அது வேறு கட்டுரை.

‘த மெனஸ்’ ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டது பட்டினப்பாக்கத்தில், காலை நடையில். ஃபோர்ஷோர் எஸ்டேட் பேருந்து நிலையத்தில் ஆரம்பித்து லூப் ரோடு வழியாகக் கலங்கரை விளக்கம் பக்கம் போய்த் திரும்பும் நடை. இந்த வழியில் நடக்கும் பெண்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லோர் காதிலும் ஏதோ இருக்கும். ஆனால் ஒரு காதில் மட்டும். இன்னொரு காதைத் தெருவுக்கு விட்டுவிட வேண்டும். பின்னால் வரும் பைக், பக்கத்தில் மெதுவாகும் ஆட்டோ, சுவரோரம் நிற்கிறவன் சொல்வது, எல்லாவற்றுக்கும் அந்தக் காது வேண்டும். ஆண்கள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி போகிறார்கள். நானும் ஒரு வாரம் வலது காதால் மட்டும் இந்த ஆல்பத்தைக் கேட்டேன். பிறகு ஓர் இரவு வீட்டில் இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டபோது, இதுவரை எனக்குக் கிடைக்காத இன்னொரு கிதார் இடது பக்கம் இருந்தது! வலது கிதார் கேட்கும் கேள்விக்கு அது இடக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பாதி ஆல்பத்தைத்தான் நான் ரசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. எத்தனை இசையை நாம் இப்படிப் பாதியாகவே கேட்டிருப்போம்!

ஆல்பத்தில் 13 பாட்டு. ஏறக்குறைய நாற்பது நிமிடம். முதல் பாட்டு ‘மேட் டாக் காட் டாம்’. ஆங்கில எழுத்துகளில் எழுதிப் பார்த்தால் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே வரும். நம் ‘விகடகவி’யைப் போல. சம்பந்தர் இதே வித்தையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், மாலைமாற்று என்று. அவருக்கு அது பக்தி; இவர்களுக்கு அது குறும்பு. பாட்டும் அப்படித்தான்: தரையை உதைக்கும் தாளம், கரகரவென்று அரைக்கும் கீபோர்டு, சேர்ந்து கத்தும் குரல்கள். பள்ளி விட்டவுடன் கேட்டைத் தாண்டி ஓடிவரும் பெண்பிள்ளைகளின் இரைச்சல் போல் இருக்கிறது. இரண்டாவது பாட்டு ‘ஜெனரேட்டர்’ அந்த வேகத்தைக் கிதாருக்கு மாற்றுகிறது. நிறுத்தி, யோசித்து, மெருகேற்றிய வேலை எதுவும் இதில் தெரியாது. பல வருடம் எடுத்தும் வராத ஆல்பத்தைக் கடைசியில் சில வாரங்களில், குறைந்த செலவில் பதிவு செய்து முடித்திருக்கிறார்கள். அந்த அவசரம் கேட்கிறது. அது குறையாக இல்லை. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது.

இந்த அவசரத்தின் அருமை புரிய, முதல் ஆல்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அதில் வரும் ‘கனெக்‌ஷன்’ பாட்டின் கிதார் தொடக்கம், வயர் என்ற குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை ஒத்திருந்தது. ‘வேக்கிங் அப்’ பாட்டு ஸ்ட்ராங்லர்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை நினைவூட்டியது. இரண்டு தரப்பும் உரிமை கேட்டன. நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. ஒற்றுமை உண்மைதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அதே காலத்தில் ஓயாசிஸ் குழுவும் இப்படி மற்றவர் மெட்டுக்காகப் பணம் கொடுத்திருக்கிறது, பெயரைப் பகிர்ந்திருக்கிறது. அந்தச் சகோதரர்களை யாரும் பாட்டெழுதத் தெரியாதவர்கள் என்று சொல்லவில்லை. பீட்டில்ஸின் வாரிசுகள் என்றார்கள். ஆண் எடுத்தால் மரபு, பெண் எடுத்தால் திருட்டு.

இதைவிட மோசமான முணுமுணுப்பு ஒன்றும் இருந்தது. ஜஸ்டின் அப்போது ப்ளர் குழுவின் டேமன் ஆல்பர்னோடு வாழ்ந்துகொண்டிருந்தார். முதல் ஆல்பத்தில் ஆல்பர்ன் தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புனைபெயரில் கீபோர்டும் வாசித்திருந்தார். போதாதா? பாட்டுகளையே அவர்தான் எழுதிக்கொடுத்திருப்பார் என்று பேச்சு கிளம்பியது. ஆண்டாள் என்று ஒருத்தி இருந்திருக்கவே முடியாது, பெரியாழ்வார்தான் பெண் பெயரில் எழுதினார் என்று வாதிட்டவர்களை உடைய மொழிக்காரர்கள் நாம். நமக்கு இது புதிதாக இருக்காது.

1998 வாக்கில் இருவரும் பிரிந்தார்கள். அடுத்த வருடம் ப்ளர் ‘13’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதன் மையம் அந்தப் பிரிவுதான். கோயிலில் பாடுவதுபோல் கூட்டுக்குரல் சூழ ஆல்பர்ன் தன் மனமுடைவைப் பாடினார். ஆல்பம் முதலிடம் பிடித்தது. முதிர்ச்சி, நேர்மை, வலி என்று கொண்டாடினார்கள். நல்ல ஆல்பம்தான், நானும் கேட்பேன். ஆனால் 1953இன் ‘தேவதாஸ்’ தொடங்கி ‘வாழ்வே மாயம்’ வழியாக 2011இன் ‘ஒய் திஸ் கொலவெறி’ வரை, காதலில் தோற்ற ஆணின் தாடிக்கு மெட்டுப் போட்டே வளர்ந்த ஊரிலிருந்து கேட்கும்போது சிரிப்பும் வருகிறது. அவனுக்குப் பாட்டு, பாட்டில், ஊரின் பரிவு. விட்டுப்போனவளுக்கு என்ன? பாட்டில் ஒரு ‘அவள்’.

அந்த ‘அவள்’ ஒரு வருடம் கழித்துக் கொண்டுவந்த ஆல்பம்தான் ‘த மெனஸ்’. பதில் சொல்வாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். அழுகை இல்லை, விளக்கம் இல்லை, பழிவாங்கல்கூட இல்லை. கேலி இருக்கிறது, முணுமுணுப்பு இருக்கிறது, பாதிப் பாட்டுகளில் சொற்கள் சத்தத்துக்காகவே இருக்கின்றன. விமர்சகர்கள் இதைச் சொல்ல எதுவும் இல்லாமை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் இதைச் சொல்ல மறுப்பதாகக் கேட்கிறேன். உன்னைப் பற்றி ஒருவன் ஊருக்கெல்லாம் பாடிவிட்ட பிறகு, உன் பக்கத்துக் கதையைச் சொல்லும்படி கேட்கப்படுகிறாய். அதைச் சொன்னால் மறுபடியும் நீ அவன் பாட்டின் அடுத்த சரணம்தான். ஜஸ்டின் அந்தச் சரணத்தைப் பாடவில்லை; தோழிகளைக் கூட்டிக்கொண்டு வேறு விளையாட்டு ஆடப் போய்விட்டார்.

அந்த விளையாட்டின் பெயர்தான் கைமாற்று. வட்டி இல்லாமல், சீட்டு எழுதாமல், முகத்தைப் பார்த்துக் கொடுப்பது. கையில் வந்ததும் திருப்புவது. மீன் விற்கும் பெண்கள் விடிகாலையில் தண்டல்காரரிடம் வட்டிக்கு வாங்குவதும் உண்டு, பக்கத்துக் கூடைக்காரியிடம் நூறு ரூபாய் கைமாற்று வாங்குவதும் உண்டு. இரண்டும் கடன்தான், இரண்டும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் இதுதான்: உறைக்கு ஒரு கரண்டி மோர், கல்யாணத்துக்குக் கட்ட ஒரு பட்டுப்புடவை, பார்த்து வரைய ஒரு கோல நோட்டு. பக்கத்து வீட்டு மோரில் உறைந்த தயிரைப் பக்கத்து வீட்டுத் தயிர் என்று யாரும் சொல்வதில்லை. (யார் வீட்டு மோர் யார் வீட்டுக்குள் போகலாம் என்பதில் சாதி இருந்தது, இருக்கிறது. கைமாற்றை நான் புனிதப்படுத்தவில்லை.)

முதல் ஆல்பத்தில் ஓசைப்படாமல் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள், இரண்டாவதில் வெளிப்படையாகவே கேட்டு வாங்கினார்கள். மூன்றாவது பாட்டின் தலைப்பே, த ஃபால் என்ற குழுவின் 1980ஆம் ஆண்டுப் பாட்டுத் தலைப்பைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டதுதான். திருப்பியதோடு விடவில்லை, அந்தக் குழுவின் பாடகர் மார்க் ஈ. ஸ்மித்தையே கூப்பிட்டு வந்து பாட வைத்திருக்கிறார்கள். அவருடைய பழைய கூட்டாளி டேவிட் புஷ் இவர்கள் கீபோர்டில். கடுகடுப்புக்குப் பேர்போன ஓர் ஆள், பெண்களின் பாட்டில் விருந்தாளியாக வந்து குரைத்துவிட்டுப் போகிறார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘டா டா டா’, ட்ரியோ என்ற ஜெர்மன் குழுவின் எண்பதுகளின் தொடக்கத்து வெற்றிப்பாட்டு. பொம்மைக் கீபோர்டில் வாசித்த மாதிரியான தாளம். காதல் போய்விட்டது என்பதைக் காய்கறிக் கணக்குச் சொல்வதுபோல் சொல்லும் குரல். ஒரு பெண் தன் பிரிவை ஆல்பத்தின் முடிவில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், இன்னொருவர் பாட்டை இரவல் வாங்கி, முகத்தில் சலனம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு நல்ல தந்திரம்! ‘13’க்கு இதைவிடச் சரியான பதிலை என்னால் யோசிக்க முடியவில்லை.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஓரிரண்டு பாட்டுகள் குறிப்புப் புத்தகத்தில் விட்டிருக்க வேண்டியவை. ‘மியாமி நைஸ்’ தலைப்பின் சிலேடையைத் தாண்டவில்லை. முதல் ஆல்பத்திலேயே ஒரு வடு உண்டு. ‘லைன் அப்’ என்ற பாட்டு, குழுக்களைச் சுற்றிவரும் பெண்களைக் கேலி செய்கிறது. மேடையேறிய பெண், மேடைக்குக் கீழே நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. நம் ஆண் நண்பர்கள் சிரிக்கும் அதே சிரிப்பு. அதே ஆல்பத்தில் குடித்துவிட்டுப் படுக்கையில் சொதப்பும் ஆணைப் பற்றிய ‘ஸ்டட்டர்’ இருக்கிறது, காருக்குள் நடக்கும் காமத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் ‘கார் சாங்’ இருக்கிறது. பெண்ணின் ஆசையை வெட்கப்படாமல் சொன்னவர்கள், இன்னொரு வகைப் பெண்ணின் ஆசையை மட்டும் ஏளனம் செய்தது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். ‘த மெனஸ்’ ஆல்பத்தில் அந்த ஏளனம் இல்லை. ‘மை செக்ஸ்’ என்ற பாட்டு வருகிறது. தலைப்பைப் பார்த்துச் சத்தத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். மொத்த ஆல்பத்திலும் அமைதியான, பாடுவதைவிடப் பேசுவதற்கு நெருக்கமான பாட்டு அதுதான். அடுத்த அறையில் யாரோ தூங்குவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார் ஜஸ்டின்.

அதைவிட என்னை நிறுத்தியது ஏழாவது பாட்டு, ‘நத்திங் ஸ்டேஸ் த சேம்’. இது டோனா மேத்யூஸின் பாட்டு. வேல்ஸிலிருந்து வந்தவர், குழுவின் இடது கை மாதிரி என்று நான் நினைத்துக்கொள்வேன், எழுதும் கை இல்லை என்றாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் கை. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். போதை, உடல்நிலை, இரண்டு பெண்களுக்கிடையே பேச்சு அற்றுப்போனது என்று காரணங்கள் பல. போனவரின் பாட்டு ஆல்பத்தில் இருக்கிறது. கோபம் இல்லாத, வேகம் குறைந்த, யாரிடமும் எதையும் நிரூபிக்க விரும்பாத பாட்டு. சுற்றிலும் இத்தனை கூச்சல் இருக்க, இது மட்டும் மொட்டை மாடியில் துணி எடுக்கப்போன இடத்தில் முணுமுணுத்த மாதிரி இருக்கிறது. தோழமை பற்றிப் பெண்ணியவாதிகள் நாம் நிறையவே எழுதுகிறோம். தோழமை முறிவது பற்றி எழுதுவதில்லை. சேர்ந்து குழு நடத்திய, பத்திரிகை நடத்திய, இயக்கம் கட்டிய பெண்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனதை நம்மில் பலர் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அந்த முறிவுக்கு ஆணாதிக்கத்தை மட்டும் காரணம் காட்டிவிட்டுப் போக முடியாது. ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிடாமல் வைத்தார்களே, அதற்காகவே எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் மரியாதை.

டோனா போன இடைவெளியில்தான் வெளியாட்கள் உள்ளே வந்தார்கள். மாயாவும் அப்படி வந்தவர்தான். இறுக்கமாக நடக்கும், வெற்றிமேல் வெற்றியாகப் போகும் ஒரு குழுவாக இருந்தால், ஒரு படிப்பு முடித்த அகதிப் பெண்ணிடம் அட்டையைக் கொடுத்திருப்பார்களா? வீடியோவைக் கொடுத்திருப்பார்களா? அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கேமராவோடு கூட்டிப் போயிருப்பார்களா? நிறுவனம் ஒரு பெயர்பெற்ற ஆளை அனுப்பியிருக்கும். விமர்சகர்கள் ஒழுங்கின்மை என்று எழுதியது மாயாவுக்குத் திறந்த கதவாக இருந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் எலாஸ்டிகாவுக்கு முன்னால் மேடையேறியவர் பீச்சஸ் என்ற கனடியப் பெண். குழு கிடையாது, கிதார்காரர் கிடையாது. ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு தனியாளாக ஒரு மேடையை நிரப்பினார். மாயாவிடம் நீயும் செய்து பார் என்று சொன்னவர் அவர். ஜஸ்டினிடமும் ஒரு 505 இருந்தது. அதை மாயா இரவல் வாங்கினார். இசை படித்ததில்லை, வாத்தியம் தெரியாது; ஒரு படுக்கையறையில் அந்தப் பெட்டியின் பொத்தான்களை அமுக்கி அமுக்கிப் பார்த்துத் தன் முதல் பாட்டுகளைச் செய்தார். ‘கலாங்’ பிறந்தது அப்படி. அதை எழுதியவர்களில் ஜஸ்டினின் பெயரும் உண்டு. 2003இல் முதலில் அச்சிட்டது வெறும் 500 தட்டுகள். 2005இல் ‘அருளர்’ வந்தது. மீதியை உலகம் அறியும்.

இந்தக் கதையை மாயாவின் பக்கமிருந்து சொல்லும்போது எலாஸ்டிகா ஒரு படிக்கட்டு. ஜஸ்டினின் பக்கமிருந்து சொல்லும்போது மாயா ஒரு பின்குறிப்பு. ‘த மெனஸ்’ ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்தால் இரண்டும் சரியில்லை என்று படுகிறது. நாஜிகளிடமிருந்து தப்பிய ஹங்கேரிய யூதரின் மகள் ஜஸ்டின். போரிலிருந்து தப்பிய யாழ்ப்பாணத்துக்காரியின் மகள் மாயா. ஒருத்தி வசதியாக வளர்ந்தவள், அவள் தந்தை லண்டனின் உயரமான கட்டடங்களை வடிவமைத்த பொறியாளர். இன்னொருத்தி வளர்ந்தது அரசாங்கக் குடியிருப்பில். சமமான நட்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தவள் கணக்கு எழுதி வைக்கவில்லை, வாங்கியவள் மறைக்கவில்லை. சொந்தத்தன்மை என்ற ஒன்றைக் காட்டித்தான் முதல் ஆல்பத்தின்போது ஜஸ்டினை அடித்தார்கள். அடி வாங்கியவர் அடுத்து வந்தவளிடம் தன் பெட்டியைக் கொடுத்தார்.

இங்கே ஒரு கேள்வியைச் சேர்த்தால்தான் பட்டினப்பாக்கத்திலிருந்து இதை எழுதுவதற்கு அர்த்தம் இருக்கும். 2006இல் அமெரிக்க விசா சிக்கலானபோது மாயா தன் இரண்டாவது ஆல்பத்துக்காக ஊர் ஊராகச் சுற்றினார். சென்னைக்கும் வந்தார். ‘பாய்ஸ்’ பாட்டில் அதிர்வது இங்கே கூட்டிப் பதிவு செய்த தாளக்கலைஞர்களின் உறுமி. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ படப் பாட்டு ஒன்றின் துண்டு கலந்திருக்கிறது. சீனிவாசபுரத்தில் சாவு ஊர்வலம் போகும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் அதே ஒலி, நியூயார்க் விடுதிகளில் ஆட்டம் போட வைத்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. கூடவே ஒரு நெருடலும். ஜஸ்டினின் பெயரை மாயா பற்றிய ஒவ்வொரு வாழ்க்கைக் குறிப்பும் சொல்கிறது. அந்த உறுமிக்காரர்களின் பெயர்களை அப்படிச் சொல்லும் ஒரு குறிப்பையும் நான் வாசித்ததில்லை. சாவுக்கு அடிக்கிற தோல் கருவி என்பதற்காகவே நம் சபாக்கள் வாசலில் நிறுத்திவைத்த வாத்தியம் அது. மார்கழியில் மயிலாப்பூரில் அதற்கு இடம் இல்லை. மாயா இடம் கொடுத்தார், உண்மை. ஆனால் வயர் குழுவுக்கு உரிமை கேட்க வக்கீல் இருந்தார். உறுமிக்கு யார்? லண்டன் படுக்கையறையில் இரண்டு பெண்களுக்கிடையே கைமாற்றாக இருந்தது, கடலையும் சாதியையும் தாண்டும்போதும் கைமாற்றாகவே இருக்கிறதா என்பதை மாணவிகள் யாராவது ஆய்வாக எடுத்துச் செய்தால் நான் ஆவலோடு வாசிப்பேன். அந்தக் கலைஞர்களில் பலர் இதே நகரத்தில்தான் இருப்பார்கள், பேருந்துச் செலவுதான்.

எலாஸ்டிகா 2001இல் ஒரு தனிப்பாட்டை வெளியிட்டுவிட்டு விடைபெற்றது. இனி இந்தக் கழுதை வேலை செய்யாது என்கிற தோரணையில் ஒரு தலைப்பு. கழுதைக்குப் பதில் பெண்ணைத் திட்டும் வசைச்சொல். அதன்பிறகு ஜஸ்டின் மேடைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கா போனார், கொலராடோவில் நரோபா பல்கலைக்கழகத்தில் படித்தார், ஓவியரானார். பேட்டி எடுக்கிறவர்கள் எப்போது திரும்பப் பாடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெண் தான் நன்றாகச் செய்த வேலையைத் தன் விருப்பத்தோடு விட முடியும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. மாயா 2001இல் தன் முதல் ஓவியக் கண்காட்சியை லண்டன் போர்டபெல்லோ சாலையில் ஒரு கடையில் வைத்தார்: அச்சுத்தாள் வெட்டி நிறம் தெளித்த புலிகள், பனைமரங்கள். பிறகு தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு 505 பக்கம் போனார். பாடகி ஓவியரானார், ஓவியர் பாடகியானார்.